கடனாளி தமிழில் தந்த சங்கீதங்கள்

என் அம்மாவின் வேதாகமத்தை எங்கே திறந்தாலும் நடுப்பக்கம்தான் விழும். அங்கேதான் சங்கீதங்கள். ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்து, அந்தப் பக்கங்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பழையதாகத் தெரியும். கையில் காசில்லாத மாதங்களில் அம்மா அதை அதிகமாக வாசிப்பார். அது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடன் கொடுத்தவர் முகத்தையும் வாங்கியவர் முகத்தையும் பார்த்தே காலம் போயிற்று. அதனால்தானோ என்னவோ, பெப்ரீஷியஸ் ஐயரின் கதை என்னை விட்டுப் போவதில்லை.

யோகான் பிலிப் பெப்ரீஷியஸ் ஜெர்மனியில் 1711ல் பிறந்தவர். 1740ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742ல் சென்னைக்கு மாறினார். பிறகு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சென்னைதான் அவர் ஊர். அவருக்கு முன்பே சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டுவந்திருந்தார். அவர் விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டு வேலையை ஷூல்ட்சே முடித்திருந்தார். ஆனால் அந்தத் தமிழ் கரடுமுரடாக இருக்கிறதென்று பெப்ரீஷியஸ் நினைத்தார். மூலமொழிகளோடு ஒப்பிட்டு, தமிழ் அறிந்தவர்களிடம் வாசித்துக் காட்டி, திருத்தித் திருத்தி எழுதினார்.

நிம்மதியாக உட்கார்ந்து செய்த வேலையல்ல அது. 1746ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். அவர் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டுக்குப் போனார். ஆங்கிலேயர் கைக்கு ஊர் திரும்பியதும் வேப்பேரியில் ஊழியம் தொடர்ந்தது. 1758ல் லாலியின் படை முற்றுகையிட வந்தபோது வேப்பேரி கொள்ளை போயிற்று. மறுபடியும் பழவேற்காடு. 1761ல் ஆங்கிலேயர் புதுச்சேரியில் கைப்பற்றிய அச்சு இயந்திரம் வேப்பேரிக்கு வந்தது. அதன் பிறகு புதிய ஏற்பாடு 1772லும், தமிழ்-ஆங்கில அகராதி 1779லும் வெளிவந்தன.

இனி வருவது வருத்தமான பகுதி. நல்லவர், நம்பலாம் என்று பலரும் தங்கள் சேமிப்பை அவரிடம் கொடுத்து வைத்தார்கள். அவர் அதை வட்டிக்கு விட்டார். கொடுத்த இடங்களிலிருந்து பணம் திரும்பவில்லை. பணம் போட்டவர்கள் நெருக்கினார்கள். முதிர்ந்த வயதில், கடனுக்காக அவர் சிறைக்குப் போக வேண்டியதாயிற்று, அதுவும் ஒரு முறையல்ல. 1791 ஜனவரியில், எண்பது வயதில் காலமானார். பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறியதை அவர் பார்க்கவில்லை.

பணத்தை வட்டிக்குக் கொடாதவனே கர்த்தரின் கூடாரத்தில் தங்குவான் என்ற கருத்து 15ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அதைத் தமிழாக்கியவரே வட்டியில் சிக்கினார். இதை மூடி மறைத்துப் பிரயோஜனமில்லை. பணத்தை இழந்தவர்களில் ஏழைகளும் இருந்திருப்பார்கள். அவர்கள் கண்ணீரும் கணக்கில் உண்டு.

அப்படியானால் அவர் தந்த சங்கீதங்களை நாம் எப்படி வாசிப்பது? சங்கீதங்களே பதில் சொல்கின்றன என்று நினைக்கிறேன். அந்த 150 பாட்டுகளும் நல்லவர்களின் வெற்றிப் பாட்டுகள் அல்ல. 51ஆவது தவறு செய்தவனின் அழுகை. 88ஆவது இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட விடியல் இல்லை. ஏன் மறந்தீர், எத்தனை காலம் என்று தேவனையே கேட்கிற பாட்டுகள் பல. இவற்றையெல்லாம் யாரும் வெட்டி எறியவில்லை. ஜெபப் புத்தகமாகவே வைத்துக் காத்தார்கள். தம்மைக் குறை சொல்லும் குரலையும் கேட்டுக்கொண்டிருக்கிறவர் தேவன் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பிரசங்கங்களைவிட இந்தப் பாட்டுகள்தான்.

பின்னாளில் போவர் ஐயர் தலைமையில் 1871ல் வந்த மொழிபெயர்ப்பு பெரும்பாலான சபைகளில் இடம் பிடித்தது. லுத்தரன் சபையாரோ பெப்ரீஷியஸின் தமிழை வெகுகாலம் விடவில்லை. கடனில் மாண்டவரின் வார்த்தைகளைச் சொல்லித்தான் எத்தனையோ பேர் ஆறுதல் அடைந்தார்கள்.

அம்மா தன் கடைசி நாட்களில் 71ஆம் சங்கீதத்தையே கேட்பார். முதிர்வயதில் கைவிடாதேயும் என்று மன்றாடுகிற பாட்டு அது. கண் தெரியாததால் நான்தான் வாசிப்பேன். அப்போது அது அம்மாவின் பாட்டு. எழுபதைத் தாண்டிவிட்ட எனக்கு இப்போது அது என் பாட்டு. சிறையில் இருந்த அந்த முதியவருக்கும் அது தேவைப்பட்டிருக்கும்.

உங்கள் வீட்டிலும் பழைய வேதாகமம் இருந்தால், எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். உங்கள் பெரியவர்கள் எதைக் கடந்து வந்தார்கள் என்பது அதில் தெரியும்.