பழைய ஒளிப்படங்களுக்கு வண்ணமூட்டல்

கருப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து, கணினியில் அதற்கு இயல்பான நிறம் ஏற்றும் கலை. கையால் வண்ணம் தீட்டும் வழக்கம் 1840களிலேயே உண்டு. சுவிட்சர்லாந்தின் யோகான் ஐசன்ரிங் டாகேரோடைப் என்னும் தொடக்ககால ஒளிப்படத் தகடுகளில் கோந்தும் நிறப்பொடியும் கொண்டு இதைச் செய்தார். இவ்வேலை கணினிக்கு மாறியதில் போட்டோஷாப்புக்கு, குறிப்பாக 1994இல் அதில் சேர்ந்த லேயர் (அடுக்கு) வசதிக்கு, பெரும் பங்கு உண்டு.

மூலப்படத்தில் கை வைப்பதில்லை. தோல், முடி, சட்டை என ஒவ்வொன்றுக்கும் தனி லேயர் போட்டு, மாஸ்க் கொண்டு எல்லை வகுத்து, லேயரை 'கலர்' என்னும் கலப்பு முறைக்கு மாற்றுவார்கள். அப்போது மேல் லேயரிலிருந்து நிறமும் செறிவும் மட்டுமே வரும். வெளிச்சமும் நிழலும் அடியிலுள்ள படத்துடையவை. சட்டையின் மடிப்பும் கசங்கலும் அழியாமல் நிற்பது இதனால்தான்.

வேலை கெடுவது பெரும்பாலும் முகத்தில். ஒரே நிறத்தைப் பூசினால் மெழுகுபொம்மைதான் கிடைக்கும். வெளிர்ந்த தோலில் காதுமடல், மூக்குநுனி, விரல்மூட்டுகளில் சிவப்பு கூடும். நெற்றியில் மஞ்சள் சாயல். மழித்த தாடையில் லேசான நீலம். வெள்ளைச் சட்டையும் வெறும் வெள்ளையாக இருக்காது: திறந்தவெளியில் அதன் நிழல்மடிப்பில் வானத்து நீலம் படியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பழைய தகடுகளில் இருக்கிறது. தொடக்ககாலத் தகடுகள் நீல ஒளியை நன்றாகப் பதியும், சிவப்பை ஏறக்குறையப் பதியவே பதியா. அதனால் செந்நிறச் சீருடை கருப்பாகவும் நீலவானம் வெள்ளையாகவும் விழுந்திருக்கும். எல்லா நிறங்களையும் உணரும் பாங்குரோமேடிக் தகடுகள் 1906இல்தான் விற்பனைக்கு வந்தன. ஆகவே சாம்பலின் அடர்த்தியை வைத்து நிறத்தைக் கணிக்க முடியாது. அருங்காட்சியகச் சீருடை, பதக்க நாடா, அக்கால எழுத்துக்குறிப்பு போன்ற வெளிச்சான்று வேண்டும். பிரேசிலின் வண்ணமூட்டும் கலைஞர் மரீனா அமரால் இத்தகைய தேடலுக்குப் பெயர்பெற்றவர்.

2016இல் ரிச்சர்ட் ஜாங், பிலிப் ஐசோலா, அலெக்சேய் எஃப்ரோஸ் ஆகியோர், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் பயிற்றுவித்த நரம்பு வலையமைப்பு தானாக நிறமூட்டுவதைக் காட்டினர். 2018இல் டிஓல்டிஃபை என்னும் தானியங்கி நிறமூட்டும் மென்பொருள் வந்தது. புல்லுக்கும் வானுக்கும் இவை நன்றாக உதவும். சட்டை என்ன நிறம் என்பது படத்திலேயே இல்லாததால், அங்கே பொதுவாகப் பொருந்தும் ஒரு நிறத்தைப் போட்டுவிடும். பல படங்களில் அது மங்கிய பழுப்பு. வேலையைத் தொடங்கிவைக்க இவை போதும், முடித்துவைக்கப் போதா.

வண்ணமூட்டல் எல்லை மீறவும் கூடும். 2021இல் கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறைக்கைதிகளின் வண்ணமூட்டிய படங்களை வைஸ் இதழ் வெளியிட்டது. சில முகங்களில் மூலத்தில் இல்லாத புன்னகை சேர்க்கப்பட்டிருந்தது. கம்போடியக் கலாசார அமைச்சகம் கண்டித்தது, படங்கள் நீக்கப்பட்டன. வண்ணப்படத்தோடு மூலப்படத்தையும் தருவதும், நிறம் பின்னர் சேர்க்கப்பட்டது என அடியில் குறிப்பதும் பொறுப்பான நடைமுறையாகக் கருதப்படுகிறது.