பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் மோதுமா? 'நிச்சயம்' என்பது 50% ஆன கதை

நமது பால்வீதியும் பக்கத்தில் இருக்கும் ஆண்ட்ரோமெடாவும் 400 கோடி ஆண்டுகளில் மோதும் என்று யூடியூபிலோ பாடப் புத்தகத்திலோ பார்த்திருப்பீர்கள். ஹப்பிள் தொலைநோக்கியின் தரவை வைத்து 2012-ல் நாசா அப்படித்தான் அறிவித்தது. ஆனால் 2025 ஜூனில் 'நேச்சர் அஸ்ட்ரோனமி' இதழில் வந்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது: அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் மோதுவதற்கான வாய்ப்பு சுமார் 50%. டாஸ் போடுற மாதிரிதான். 400-500 கோடி ஆண்டுகளில் நேருக்கு நேர் மோத வாய்ப்பு சுமார் 2% மட்டுமே.

ஆண்ட்ரோமெடா ஒன்றும் ரூட்டை மாற்றிவிடவில்லை. இந்த இரண்டு சுருள் விண்மீன் திரள்களுக்கும் நடுவே சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரம். நொடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் நெருங்கி வருகின்றன. இந்த வேகத்தை அளப்பது எளிது. நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி நீல நிறத்தின் பக்கம் நகரும். ஆண்ட்ரோமெடாவில் இதை 1912-லேயே வெஸ்டோ ஸ்லைஃபர் கண்டுவிட்டார்.

சிக்கல் பக்கவாட்டு வேகத்தில் இருக்கிறது. தூரத்தில் எதிரே வரும் பஸ் உங்கள் மேல் இடிக்குமா, உரசாமல் கடந்து போகுமா என்பதை அதுதானே தீர்மானிக்கும்? அத்தனை தொலைவில் அந்த நகர்வு கண்ணுக்கே படாத அளவு சிறியது. அளவீட்டில் துளி பிழை இருந்தாலும், கோடிக்கணக்கான ஆண்டுகளில் பாதை எங்கோ போய்விடும்.

ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் டில் சவாலா குழு இந்தப் பிழை வரம்புகளை ஒதுக்காமல் கணக்கில் எடுத்தது. ஹப்பிள், கையா விண்கலங்களின் தரவு, 22 மாறிகள், 1 லட்சம் சிமுலேஷன்கள். கூடவே அக்கம்பக்கத்து திரள்களின் ஈர்ப்பையும் சேர்த்தார்கள். எம்33 மோதல் வாய்ப்பைக் கூட்டுகிறது. பெரிய மெகல்லன் மேகம் பால்வீதியை இழுத்து அதைக் குறைக்கிறது.

ஆக, இந்த 50% என்பது நம் அளவீடு எவ்வளவு துல்லியம் என்பதைச் சொல்லும் எண். தேர்தல் கருத்துக்கணிப்பில் பிழை வரம்பைப் பார்க்காமல் தலைப்பு போட்டால் என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். இங்கேயும் அதேதான்.

சரி, மோதினால்? விண்மீன்கள் ஒன்றோடொன்று இடிப்பது ரொம்ப அபூர்வம். சூரியனை டெல்லியில் வைத்த ஒரு டேபிள் டென்னிஸ் பந்து என்று வைத்துக்கொண்டால், அடுத்த விண்மீன் கிட்டத்தட்ட மும்பையில் இருக்கும். மோதுவது வாயு மேகங்கள்தான். அந்த அழுத்தத்தில் புதிய விண்மீன்கள் கொத்துக்கொத்தாகப் பிறக்கும். ஆன்டெனா எனப்படும் இரட்டைத் திரள்களில் இது இப்போதே நடக்கிறது.

2025 மார்ச்சில் கையா அணைக்கப்பட்டது. ஆனால் அது சேகரித்த தரவு முழுவதும் அப்போது வெளியாகியிருக்கவில்லை. அது வர வர, இந்த 50% மேலேயும் போகலாம், கீழேயும் இறங்கலாம்.