பதிவேடு யாருடையது?

சாதி ஆள் மனசில் மட்டும் குடியிருக்கவில்லை. பதிவேட்டிலும் குடியிருக்கிறது. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, உதவித்தொகைப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் என்று காகிதத்துக்குக் காகிதம் நம் பின்னாலேயே வருகிறது. எழுதியிருப்பது நம்மைப் பற்றி. பீரோ சாவி மட்டும் எப்போதும் வேறு யாரோ இடுப்பில்.

1922ல் எம்.சி. ராஜா சட்டசபையில் போராடியதன் பேரில், பறையர், பஞ்சமர் என்று எழுதிவந்த இடத்தில் ஆதிதிராவிடர் என்று எழுத சென்னை அரசாங்கம் ஆணையிட்டது. ஏட்டில் நம் பேரை நாமே சொல்லும் உரிமைக்காக நடந்த சண்டை அது. பேர் மாறியது. ஏட்டைத் திறக்கிற கை மாறவில்லை.

1944ல் பட்டியல் சாதி மாணவர்களுக்கு மேற்படிப்பு உதவித்தொகை வந்தது. 1967ல் செய்யாறிலேயே அரசு கலைக் கல்லூரி திறந்தார்கள். சுத்துப்பட்டுச் சேரிப் பிள்ளைகளுக்கு டிகிரி வாசல் நடந்து போகிற தூரத்துக்கு வந்தது. நான் போய்ச் சேர்ந்தது வெளியூர்க் கல்லூரி ஒன்றில், பேர் வேண்டாம். அங்கே உதவித்தொகைப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். பேர், சாதி, அப்பன் வருமானம் எல்லாம் அதில் இருக்கும். நாலு பேர் கூடி நின்று சத்தம் போட்டுப் படிப்பான்கள். அதே கல்லூரியில் ஒரு பேப்பர் போய்விட்டது, விடைத்தாளைப் பார்க்கணும் என்று கேட்டேன். ‘அதெல்லாம் ரகசியம்பா, காட்ட மாட்டாங்க’ என்றார் கிளார்க். என் சாதி ஊருக்கே தெரியலாம். நான் எழுதியது எனக்கே தெரியக் கூடாது!

அமெரிக்காவில் 1974லேயே ஒரு சட்டம் போட்டார்கள். மாணவர் தன் கல்விப் பதிவேட்டைக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். பொதுவாக அவர் சம்மதம் இல்லாமல் வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது. பார்க்கிற உரிமையும் மறைக்கிற உரிமையும் ஒரே சட்டத்தில் சேர்ந்து வந்தன.

நமக்கு அவை துண்டு துண்டாக வந்தன. 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2011ல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்திய விடைத்தாளைப் பார்க்கத் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்றது உச்சநீதிமன்றம். 2017ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018ல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. ஆரணிப் பட்டுத்தறியில் முன்பணம் வாங்கினவன் கதை நமக்குத் தெரியும், பாக்கி தீராமல் தறியைவிட்டு நகர முடியாது. ஃபீஸ் பாக்கிக்குச் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் அந்த ஜாதிதான்.

2023ல் மும்பை ஐ.ஐ.டி., சக மாணவரிடம் நுழைவுத் தேர்வு ரேங்கைக் கேட்பது முறையல்ல என்று சொல்ல வேண்டி வந்தது. ரேங்கைக் கேட்டுச் சாதியை மோப்பம் பிடிக்கிற வித்தை அங்கே பழகியிருந்தது. நாங்குநேரி வெட்டுக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளி வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்று 2024ல் பரிந்துரைத்தது.

இப்போது ஒரு சிக்கல். 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு அந்தப் பிரிவிலேயே, பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்றிருந்தது. இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்ற ஒரு வார்த்தையில் கதவைச் சாத்தலாம். இட ஒதுக்கீட்டில் யாரைச் சேர்த்தார்கள், எந்த இடத்தைக் காலியாக விட்டார்கள் என்று கேட்டாலும் இதையே சொல்வார்கள். நம் மானத்தைக் காக்க மறந்தவர்கள், தங்கள் கணக்கை மறைக்க நம் அந்தரங்கத்தைத் துணைக்குக் கூப்பிடுவார்கள்.

ஆனாலும் 8(2) அப்படியே இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்கிறது அது. அதைக் குறிப்பிட்டே மனு எழுதுங்கள். ஆள் பேர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை கேளுங்கள். துறைவாரியாக எத்தனை இடம், எத்தனை நிரம்பியது என்று கேளுங்கள். உங்கள் விடைத்தாளை உங்கள் பேரிலேயே கேளுங்கள். மனுக் கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. நோட்டீஸ் போர்டில் சாதியோடு பட்டியல் தொங்கினால், போட்டோ எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குள் நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.