கண்டி நாட்டுக் கரும்பொன்

இரும்பைக் கரும்பொன் என்று அழைத்தனர் நம் முன்னோர். ஆயினும் பொன்னைப் போல் அது தனித்துக் கிடைப்பதில்லை. கல்லோடும் நீரோடும் கலந்தே மண்ணில் உறைகின்றது. அக்கலப்பை நீக்கித் தாழ்ந்த தாதுவை உயர்த்தும் கலை கண்டி மலைநாட்டிலும் வாழ்ந்தது.

அதற்குச் சான்று பகர்பவர் அயல்நாட்டுக் கைதி ஒருவர். 1660இல் கொட்டியாரக் குடாவருகே சிறைப்பட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1679 வரை கண்டி அரசில் வாழ்ந்தார். 1681இல் இலண்டனில் வெளியான தம் நூலில், ஊரார் இரும்பு செய்த முறையை அவர் விவரித்துள்ளார்.

சில அடி ஆழத்தில் கிடைத்த தாதுக்கல்லை அவர்கள் உடனே உலையில் இட்டாரல்லர். முதலில் குவித்து, விறகிட்டு எரித்தனர். எரித்த கல் மென்மையுற்று உலைக்கு ஏற்றதாகும் என்பது அவர்தம் அனுபவம். இதன் காரணம் யாது? இலங்கையின் தென்மேற்கில் நிலமேற்பரப்பை அண்டிக் கிடைப்பது பெரும்பாலும் நீர் கலந்த பழுப்புத் தாது. அதன் முதன்மைக் கனிமம் முற்றிலும் தூயதாயினும், நூற்றுக்கு ஏறத்தாழ 63 பங்கே இரும்பு. 10 பங்கு நீர். சுட்டால் நீர் ஆவியாகி, இரும்பின் பங்கு 70 ஆக உயரும். நீர் அகன்ற இடத்தில் நுண்துளைகள் தோன்றுவதால், கல் எளிதில் உடையும், உலைவாயுவும் உட்புகும்.

பின்னர் வெண்களிமண் உலையில் கரியும் கல்லும் மாறி மாறி இடப்பட்டன. மான்தோல் போர்த்த இரு மரக்குடுவைகளை ஒருவன் கால்மாற்றி மிதித்துக் காற்றூதினான். கிட்டம் நெருப்பாறாய் வழிந்தோட, இரும்புக்கட்டி எஞ்சியது. அதனைக் கோடரியால் பாதி பிளந்து நீரில் எறிந்தனர். வாங்குவோர் உள்ளிருக்கும் தரத்தைக் கண்டறியவே அப்பிளவு!

இம்முறையில் குறையும் உண்டு. கிட்டத்தோடு இரும்பும் பெருமளவு கழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிவான அந்நிய இரும்பு வந்திறங்கவே, உலைகள் அணைந்தன. கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த ஆனந்த குமாரசுவாமி, இக்கலையின் கடைசி உலைகளைப் பலாங்கொடைப் பகுதியில் கண்டு, 1908இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். அப்பகுதியிலேயே 1990களின் தொடக்கத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம் எழுந்தபோது, பழைய உலைக்களங்கள் பல நீரில் மூழ்கின.

இன்றும் பெருந்தொழிற்சாலைகள் தாழ்ந்த தாதுவைப் பொடித்துக் கழுவுகின்றன. சில இடங்களில் வறுத்துக் காந்தத்தால் பிரிக்கின்றன. கருவி பெரிது, கருத்து ஒன்றே. எனவே நேயர்களே, மலைச்சரிவில் கரிய கிட்டத்துண்டு காலில் இடறினால், வெறுங்கல் என்று வீசிவிடாதீர்கள். பெயர் எழுதி வையாத தொழிலாளர் விட்டுச்சென்ற ஏடு அதுவே.