முகமது அலி வைத்த பட்டப்பெயர்

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிக்கிட்டிருந்த இந்தப் பதிவை தூசி தட்டி முடிச்சிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முகமது அலி 1980-ல மெட்ராஸ் வந்தது நம்மில் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எம்ஜிஆரோட அவர் நிற்கிற போட்டோ வாட்ஸப்ல வராத வருஷம் கிடையாது. அந்தப் பயணத்துல நேரு ஸ்டேடியத்துல ஒரு காட்சிப் போட்டி நடந்தது. எதிர்ல நின்னவர் ஜிம்மி எல்லிஸ். யாருப்பா இந்த எல்லிஸ்னு தேடினேன். அலியோட சொந்த ஊரான லூயிவில்காரர், சின்ன வயசு சிநேகிதர். 1971-ல ரெண்டு பேரும் நிஜமாவே மோதி, அலி ஜெயிச்சிருக்கார். அப்புறமும் சிநேகம் அப்படியே இருந்திருக்கு. அதுக்கு முந்தின வருஷம், 1970 பிப்ரவரியில, இதே எல்லிஸை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர் பெயர் ஜோ ஃப்ரேசியர்.

அங்கேதான் மாட்டினேன். அலியோட மோதி, அடிச்சு, அடிவாங்கி, கடைசிவரைக்கும் சிநேகம் ஆகாமலே போன ஆள் இந்த ஃப்ரேசியர். காரணம் அலியோட கை இல்லை, வாய்.

வாய்ச்சவடால் விளையாட்டுக்குப் புதுசு இல்லைதான். ஆனா அமெரிக்காவுல ஒரு கறுப்பின குத்துச்சண்டை வீரருக்கு வாய் இருக்கிறதே ஒரு அரசியல். 1908-ல முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர் ஜாக் ஜான்சன். ரிங்குக்குள்ளேயே எதிராளியை நக்கல் அடிச்சுக்கிட்டே குத்துவார். 1910 ஜூலை 4 அன்னிக்கு ரீனோ நகர்ல வெள்ளையரான ஜெஃப்ரீஸை அவர் தோற்கடிச்சதும் பல ஊர்கள்ல கலவரம். செத்தவங்க பெரும்பாலும் கறுப்பர்கள். அதனால 1937-ல அடுத்த கறுப்பின சாம்பியனா வந்த ஜோ லூயிஸுக்கு அவரோட மேனேஜர்கள் போட்ட விதிகள்ல ஒண்ணு: விழுந்த எதிராளியைப் பார்த்து சந்தோஷப்படக் கூடாது. அடக்க ஒடுக்கமா இருந்தாத்தான் நாடு ஏத்துக்கும்.

இந்த 'வாயை மூடு' பாரம்பரியத்தை உடைச்சவர் அலி. 1961-ல லாஸ் வேகாஸ்ல கார்ஜியஸ் ஜார்ஜ்னு ஒரு மல்யுத்தக்காரரைப் பார்க்கிறார். தன்னைத்தானே அழகன்னு பீத்திக்கிற ஆள் அவர். அவர் தோற்கணும்னு ஆசைப்பட்டே ஜனம் டிக்கெட் வாங்குது. பையன் கப்புனு பிடிச்சுக்கிட்டான். 1964-ல சானி லிஸ்டனை 'கரடி'ன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு வெறுப்பேத்தி, தோற்கடிச்சு, கையோட தன் பெயரையும் மாத்திக்கிட்டார். காஷியஸ் கிளே போய் முகமது அலி.

இப்போ பெயர் விஷயத்தைக் கவனிங்க. 1967 பிப்ரவரியில எர்னி டெர்ரல்னு ஒரு எதிராளி அவரைப் பிடிவாதமா 'கிளே'ன்னே கூப்பிட்டார். அலி என்ன பண்ணினார்? ஹூஸ்டன்ல பதினைஞ்சு ரவுண்டு அந்த மனுஷனை வெளுத்து எடுத்துக்கிட்டே 'என் பேர் என்ன, என் பேர் என்ன'ன்னு கத்தினார். ஒருத்தரை அவர் விரும்புற பெயர்ல கூப்பிடாம இருக்கிறது எவ்வளவு பெரிய அவமானம்னு அலியை விட நல்லா தெரிஞ்சவங்க அன்னிக்கு யாரும் கிடையாது.

அதே ஆள் நாலு வருஷத்துல இன்னொருத்தருக்குப் பெயர் வெச்சார்.

*

ஃப்ரேசியர் 1944-ல தெற்கு கரோலினாவுல பியூஃபோர்ட்ல பிறந்தவர். வீட்டுல பன்னிரண்டாவது பிள்ளை. அப்பாவுக்கு இடது கை கிடையாது. சின்ன வயசுல ஒரு பன்றி துரத்தி, கீழே விழுந்து, ஃப்ரேசியரோட இடது கை கோணலாயிடுச்சு. வைத்தியம் பார்க்க வசதியில்லை. கை கடைசிவரைக்கும் நேராகலை. பின்னாடி உலகமே பயந்த அந்த இடது 'ஹூக்'குக்கு அளவெடுத்து வளைச்ச மாதிரி ஆயிடுச்சு!

பதினைஞ்சு வயசுல ஊரை விட்டுக் கிளம்பி, ஃபிலடெல்ஃபியா கசாப்புக் கூடத்துல வேலை. தொங்குற மாட்டுக்கறியையே குத்திப் பழகினார். ('ராக்கி' படத்துல ஸ்டாலோன் குத்துவாரே, அது இவர் வாழ்க்கையில இருந்து எடுத்தது.) 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல பஸ்டர் மாத்திஸுக்கு அடிபட்டதால மாற்று ஆளாப் போய், கட்டைவிரல் உடைஞ்ச கையோட இறுதிப் போட்டி ஆடி தங்கம் வாங்கிட்டு வந்தார்.

1967-ல வியட்நாம் போருக்குப் போக மாட்டேன்னு அலி சொன்னதும் பட்டம் போச்சு, லைசென்ஸ் போச்சு, அஞ்சு வருஷ ஜெயில் தண்டனையும் வந்தது. (ஜாமீன்ல வெளியே இருந்தார். 1971 ஜூன்ல உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து பண்ணிடுச்சு.) மூணரை வருஷம் ரிங்ல ஏற முடியலை. அந்த நாட்கள்ல அவருக்கு லைசென்ஸைத் திருப்பிக் கொடுங்கன்னு வெளிப்படையாப் பேசினவங்கள்ல ஃப்ரேசியரும் ஒருத்தர். கைச்செலவுக்குப் பணமும் கொடுத்திருக்கார். 1970-ல ரெண்டு பேரும் ஒரே கார்ல ஃபிலடெல்ஃபியால இருந்து நியூயார்க் வரைக்கும் சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போயிருக்காங்க.

அப்புறம் 1971 மார்ச் 8. மேடிசன் ஸ்கொயர் கார்டன். 31 போட்டிகள்ல தோல்வியே இல்லாத அலி, 26 போட்டிகள்ல தோல்வியே இல்லாத ஃப்ரேசியர். 'லைஃப்' பத்திரிகைக்காக ஃப்ராங்க் சினாட்ரா கேமராவோட ரிங் ஓரத்துல நின்னார். (அதே ராத்திரி, ஊரே சண்டை பார்த்துக்கிட்டிருக்கிற நேரமாப் பார்த்து, பென்சில்வேனியாவுல ஒரு எஃப்பிஐ ஆபீஸை உடைச்சு ரகசியக் கோப்புகளைத் தூக்கிட்டுப் போனாங்க. அது தனிப் பதிவுக்கான கதை.)

அந்தப் போட்டிக்கு முன்னாடிதான் அலி ஃப்ரேசியரை 'அங்கிள் டாம்'னு கூப்பிட ஆரம்பிச்சார். 1852-ல வந்த நாவல்ல இருந்து வழக்குக்கு வந்த பெயர். அர்த்தம் சுருக்கமா: வெள்ளைக்காரனுக்குக் கால் பிடிக்கிற கறுப்பன். 'ஜோ ஜெயிக்கணும்னு நினைக்கிற கறுப்பன் எல்லாரும் துரோகி'ங்கிற ரேஞ்சுக்குப் பேச்சு போச்சு.

யார் யாரைச் சொல்றது? அலியோட அப்பா விளம்பரப் பலகை வரையும் ஓவியர், நகரத்துல சொந்த வீடு. ஃப்ரேசியர் வெயில்ல வயல் வேலை பார்த்து வளர்ந்தவர். அலியோட பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி வெள்ளைக்காரர். ஃப்ரேசியரோட பயிற்சியாளர் யாங்க் டர்ஹம் கறுப்பர். ஆனா மைக் முன்னாடி இந்தக் கணக்கெல்லாம் எடுபடுமா? ஃப்ரேசியருக்குப் பேச வராது. அலி ஒரு வரி சொன்னா மறுநாள் ஊர் பூரா அந்த வரி. கொலை மிரட்டல் வந்தது. பள்ளிக்கூடத்துல அவர் பிள்ளைகளைக் கேலி பண்ணினாங்க. மூத்த பையன் மார்விஸுக்கு அப்போ பத்து வயசு.

'டிக்கெட் விக்கத்தான்பா அப்படிப் பேசினார்'னு அலி ரசிகர்கள் (நானும்தான்) வழக்கமாச் சொல்வோம். ஆனா ஒரு விஷயம் இடிக்குது. அந்தப் போட்டிக்கு ரெண்டு பேருக்கும் தலா 25 லட்சம் டாலர்னு முன்னாடியே பேசி முடிச்ச தொகை. ஒரு டிக்கெட் கூட வித்தாலும் குறைஞ்சாலும் அலிக்கு அதே பணம்தான். தோல்வியே காணாத ரெண்டு சாம்பியன்கள் மோதுற போட்டிக்கு விளம்பரமே தேவைப்படலை.

ரிங்ல பதில் கிடைச்சது. பதினைஞ்சாவது ரவுண்டுல அந்தக் கோணல் கையால ஒரு ஹூக். அலி மல்லாக்க விழுந்தார். உடனே எழுந்துட்டார், ஆனா மூணு நடுவர்களும் ஃப்ரேசியர்தான் ஜெயிச்சார்னு எழுதிட்டாங்க.

*

இதோட முடிஞ்சிருந்தா சரி. 1973 ஜனவரியில ஜமைக்காவுல ஜார்ஜ் ஃபோர்மன் ரெண்டே ரவுண்டுல ஃப்ரேசியரை ஆறு தடவை கீழே தள்ளி பட்டத்தைப் பிடுங்கிட்டார். 1974 ஜனவரியில அலி - ஃப்ரேசியர் ரெண்டாவது மோதலுக்கு முன்னாடி ஏபிசி டிவி ஸ்டுடியோவுல பழைய போட்டியைப் பார்த்துக்கிட்டிருக்கும்போது அலி அவரை 'விவரமில்லாதவன்'னு சொல்ல, ஃப்ரேசியர் எழுந்து நிற்க, ரெண்டு பேரும் தரையில உருண்டாங்க. தலா 5,000 டாலர் அபராதம். சில நாள் கழிச்சு நடந்த போட்டியில அலி புள்ளிகள்ல ஜெயிச்சார். அதே அக்டோபர்ல கின்ஷாசாவுல ஃபோர்மனையும் வீழ்த்தி மறுபடி சாம்பியன்.

மூணாவது மோதல் 1975 அக்டோபர் 1, மனிலா. மனிலாவுக்கு எதுகையா அலிக்குக் கிடைச்ச வார்த்தை 'கொரில்லா'. பத்திரிகையாளர்கள் முன்னாடி சின்னதா ஒரு ரப்பர் கொரில்லா பொம்மையை பாக்கெட்ல இருந்து எடுத்து, இதுதான் ஜோன்னு சொல்லிக் குத்திக் குத்திக் காட்டினார். எல்லாரும் சிரிச்சாங்க. கறுப்பர்களைக் குரங்குன்னு சொல்றது அமெரிக்க வெள்ளை இனவெறியோட மிகப் பழைய வசவு. அதை டிவியில சொன்னவர் உலகத்துலேயே புகழ்பெற்ற கறுப்பர். ஃப்ரேசியர் வீட்டுக் குழந்தைகளும் பார்த்திருப்பாங்க இல்லையா?

அமெரிக்க டிவி நேரத்துக்காக மனிலாவுல காலையிலேயே போட்டி. கொதிக்கிற அரங்கு. பதினாலு ரவுண்டு. ஃப்ரேசியருக்கு இடது கண்ல ஏற்கெனவே பார்வை மங்கல். அடிபட்டு வீங்கி வலது கண்ணும் மூடிக்கிச்சு. கடைசி ரவுண்டுக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை உட்கார வெச்சு, போதும்பா, இன்னிக்கு நீ பண்ணினதை யாரும் மறக்க மாட்டாங்கன்னு சொல்லி போட்டியை நிறுத்திட்டார். ஃப்ரேசியர் வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சியிருக்கார். ஜெயிச்ச அலியால நிற்கக்கூட முடியலை. சாவுக்கு இவ்வளவு பக்கத்துல போனதில்லைன்னு பின்னாடி சொன்னார். தனக்கு அடுத்தபடியா உலகத்துலேயே சிறந்த வீரர் ஃப்ரேசியர்தான்னும் சொன்னார்.

அன்னிக்கு மார்விஸைக் கூப்பிட்டு, நான் சொன்னதெல்லாம் மனசார சொல்லலைன்னு உங்க அப்பாகிட்ட சொல்லுன்னார் அலி. பையன் போய்ச் சொன்னான். ஃப்ரேசியர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: அதை ஏன் அவன் என்கிட்ட சொல்லலை?

ஊருக்கு முன்னாடி திட்டிட்டு, மூடின கதவுக்குள்ள பையன்கிட்ட மன்னிப்பு. இந்தக் கணக்கு டேலி ஆகலை. ஃப்ரேசியர் அதை விடவும் இல்லை. கடைசிவரைக்கும் அலியை 'கிளே'ன்னே கூப்பிட்டு வந்தார். 1996-ல அட்லாண்டாவுல நடுங்குற கையோட அலி ஒலிம்பிக் தீபம் ஏத்தினப்போ உலகமே கண் கலங்குச்சு. ஃப்ரேசியரோ, அந்த நெருப்புலேயே தள்ளிவிட்டிருப்பேன்னார். கொடுமையான பேச்சுதான். ஆனா இருபது வருஷத்துக்கு மேல ஆறாம இருந்தது என்னன்னு பார்க்கணும். மனிலாவுல வாங்கின குத்தைப் பத்தி அவர் புலம்பினதே இல்லை. அந்தப் பெயர்கள்தான் ஆறலை.

2001-ல முப்பது வருஷம் கழிச்சு அலி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை மூலமா வெளிப்படையா மன்னிப்பு கேட்டார். சொல்லக் கூடாத பெயர்களைச் சொல்லிட்டேன், போட்டிக்கு விளம்பரமாத்தான் சொன்னேன்னார். ஃப்ரேசியர் முதல்ல ஏத்துக்கிட்டார். பிறகு, பேப்பர்கிட்ட சொல்லியிருக்கார், என்கிட்ட சொல்லலையேன்னார். அதே வருஷம் ஜூன்ல ரெண்டு பேரோட மகள்களும் ரிங்ல மோதினாங்க. லைலா அலி ஜெயிச்சார்.

2011 நவம்பர் 7-ல கல்லீரல் புற்றுநோயால ஃப்ரேசியர் இறந்தார். இறுதி நிகழ்ச்சிக்கு அலி வந்திருந்தார். பார்க்கின்சன் நோயால பேச்சு கிட்டத்தட்ட நின்னுபோயிருந்த நேரம். எழுந்து நின்னு ஜோவுக்குக் கைதட்டுங்கன்னு ஜெஸ்ஸி ஜாக்சன் சொன்னதும், அலியும் எழுந்து நின்னு தட்டினார். ஒரு காலத்துல உலகத்துலேயே பெரிய வாய். நேர்ல சொல்ல வந்தப்போ வாயும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. 2016 ஜூன் 3-ல அலியும் போயிட்டார்.

*

இப்போ ஒரு சின்ன கொசுவத்தி.

காலேஜ்ல டிபார்ட்மென்ட் கிரிக்கெட். எதிர் டீம்ல ஒருத்தன் அருமையான ஆஃப் ஸ்பின்னர். எனக்கு அவனை ஆடவே வராது. அவங்க அப்பா ஊர்ல மாவு மில் வெச்சிருக்கார்னு கேள்விப்பட்டு, 'டேய் மாவு, நைஸா அரைச்சுப் போடுடா'ன்னு ஒருநாள் கத்தினேன். அவன் லைன் போச்சு, நாங்க ஜெயிச்சோம். பெயர் மட்டும் நாலு வருஷம் நின்னுச்சு. வாத்தியார் கூட ஒரு தடவை மாவுன்னு கூப்பிட்டார்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துல பார்த்தேன். பழக்கதோஷத்துல 'டேய் மாவு!'ன்னேன். சிரிச்சான். சாப்பிடும்போது மெதுவா சொன்னான். "மச்சி, ஆனுவல் டேக்கு அப்பா வந்திருந்தார்டா. ஏன்டா எல்லாரும் அப்படிக் கூப்பிடுறாங்கன்னு கேட்டார். நான் வெள்ளையா இருக்கேன்ல, அதான்பான்னு சொல்லிட்டேன்." அதுக்கும் சிரிச்சான். பையன் என்னை விடக் கறுப்பு.

நான் ரசத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

அவன் பந்தைப் பத்திக் கத்தியிருந்தா அது கிரவுண்டோட போயிருக்கும். நான் கத்தினது அவன் கூட வீட்டுக்குப் போய், அவங்க அப்பா காதுல விழுந்திருக்கு. மரியாதை மனசுக்குள்ள எக்கச்சக்கமா இருந்தது, அவன் மாதிரி பந்து போட யாராலயும் முடியாதுன்னு ரூம்ல நூறு தடவை சொல்லியிருக்கேன். அவன்கிட்ட ஒரு தடவை கூட சொன்னதில்லை.

இதை இங்கே எழுதுறதும் நியூயார்க் டைம்ஸ்ல சொல்ற கதைதான்னு டைப் அடிக்கும்போதே உறைக்குது. அதனால இதோட நிறுத்திக்கிறேன். அவன் நம்பர் இருக்கு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணணும்.

டிஸ்கி: போன்ல அவனை அவன் பெயர் சொல்லித்தான் கூப்பிடப் போறேன். அது என்னன்னு இங்கே சொல்ல மாட்டேன். :-)