சாவை எண்ணி வளர்ப்பை அளக்கலாமா?

வீடுகளில் வளர்க்கப்படும் ஊர்வனவற்றுள் எத்தனை முதல் ஆண்டிலேயே இறந்துபோகின்றன? பிரிட்டனில் இந்தக் கேள்விக்கு மூன்றாண்டு இடைவெளியில் இரண்டு விடைகள் வெளிவந்தன. டோலண்ட், வார்விக், அரினா மூவரும் 2012இல் 'தி பயாலஜிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரை, குறைந்தது 75 விழுக்காடு என்றது. 2015இல் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் வளர்ப்போரிடமே கேட்டறிந்து 3.6 விழுக்காடு என்றார்கள். மலைப்பாம்பு வகைகளில் அது 1.9 ஆகவும் பச்சோந்திகளில் 28.2 ஆகவும் இருந்தது. விற்பனையை எதிர்ப்பவர்கள் முதல் எண்ணைக் காட்டுகிறார்கள், ஆதரிப்பவர்கள் இரண்டாவதை.

எந்த எண் சரி என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆர்வமும் அனுபவமும் உள்ளவர்கள் தாமே சொன்ன கணக்கு, ஆசைக்கு வாங்கிய வீட்டின் நிலையைக் காட்டாது என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்லலாம். இரு தரப்பும் ஒரே அளவுகோலை ஒப்புக்கொண்டு வாதிடுகின்றன என்பதே என் கவலை. விலங்கு உயிரோடிருந்தால் வளர்ப்பு சரி, செத்தால் தவறு. பறவைக்கும் பாலூட்டிக்கும் ஓரளவு பொருந்தக்கூடிய இந்த அளவுகோல் ஊர்வனவற்றிடம் பொய்த்துப்போகிறது.

காரணம் அவற்றின் உடலியலிலேயே இருக்கிறது. ஓய்வில் இருக்கும் ஊர்வன, அதே எடையுள்ள பாலூட்டி செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே செலவிடுகின்றன. பால் பைத்தான் எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு மாதக்கணக்கில் இரையெடுக்காமல் இருக்கும். வறட்சியையும் பஞ்சத்தையும் தாண்ட உதவிய இந்தத் திறனே கூண்டுக்குள் அதற்குப் பகையாகிறது. நாய் சில நாட்களில் காட்டிவிடும் துன்பத்தை ஆமை பல ஆண்டுகளுக்கு இழுத்துச் செல்லும். கத்தாது, முனகாது, நோயை வெளிக்காட்டாமல் இருப்பதே இவற்றின் இயல்பு. எலும்பு மென்மையாகித் தாடை வளைந்த இகுவானா என்னும் பெரும்பல்லியை உரிமையாளர் மருத்துவரிடம் தூக்கிவரும்போது, குறை தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

ஆமை ஓட்டின் வரலாறு இதற்குச் சரியான சான்று. வளர்ப்பில் இருக்கும் நில ஆமைகளின் ஓட்டுத் தகடுகள் ஒவ்வொன்றும் சிறு கோபுரம்போலப் புடைத்து எழுவதுண்டு. (நம் நட்சத்திர ஆமைக்குக் காட்டிலேயே ஓரளவு புடைப்பு இயல்பு, ஆகவே அதில் கோளாறைக் கண்டுகொள்வது இன்னும் கடினம்.) நெடுங்காலம் இதற்குப் புரதம் மிகுந்த தீவனமே காரணம் என்று வளர்ப்போர் நம்பினார்கள், கையேடுகளும் அப்படியே எழுதின. பாலைநில விலங்கு என்பதால் காய்ந்த கூண்டே நல்லது என்ற எண்ணமும் கூடவே இருந்தது. 2003இல் வியன்னாவைச் சேர்ந்த வீஸ்னர், இபென் இருவரும் ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். காய்ந்த சூழலில் வளர்ந்தவற்றுக்கே ஓடு அதிகம் புடைத்தது. புரதத்தின் பங்கு சிறிதுதான். வறண்ட நிலத்து ஆமையும் தோண்டிய வளைக்குள் ஈரமான காற்றில்தான் பெரும்பொழுதைக் கழிக்கிறது என்பதை எண்ணினால் முடிவு வியப்பளிக்காது. இத்தனை காலமும் அந்த ஆமைகள் சாகவில்லை, உண்டன, வளர்ந்தன என்பதுதான் இங்கு முக்கியம். இறப்புக் கணக்கு மட்டுமே கையில் இருந்திருந்தால் இந்தத் தவறு என்றும் பிடிபட்டிருக்காது.

பாம்புகளிலும் இதே கதை. பால் பைத்தானை அடுக்கு இழுப்பறைகளில் வைப்பது பண்ணையாளர்களின் வழக்கம். அங்கே அது இரையெடுக்கிறது, முட்டையிடுகிறது, ஆகவே நலம் என்பது அவர்கள் வாதம். 2021இல் 'ப்ளோஸ் ஒன்' இதழில் வந்த ஜெர்மானிய ஆய்வு நடத்தையை நோக்கியது. ஏறவும் வெயில்காயவும் இடமுள்ள கூண்டில் அவை ஏறின, வெயில்காய்ந்தன. இழுப்பறையில் அதற்கு வழியில்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் கோளாறு இழுப்பறைப் பாம்புகளிடமே காணப்பட்டது.

தமிழ்நாட்டில் இன்னொரு தவறான ஆறுதலும் உண்டு: நம் ஊர் வெயிலுக்குத் தனியே சூடு எதற்கு? ஊர்வனவற்றுக்குத் தேவை வெறும் சூடு அன்று, தேர்ந்துகொள்ள ஒரு சூடான முனையும் ஒரு குளிர்ந்த முனையும். சென்னையின் மே மாதத்தில் அறை முழுக்க ஒரே வெப்பமாயிருந்தால் இகுவானாவுக்கு ஒதுங்க இடமில்லை. இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடினால் சூடேற இடமில்லை. தோலில் வைட்டமின் டி3 உருவாக்கும் புற ஊதா பி கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். வெயிலில் குளித்துக் கிடக்கும் ஊரில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பல்லியின் எலும்பு கரையலாம்.

சட்டம் எதை அளக்கிறது? வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தையொட்டி, பன்னாட்டு வனவுயிர் வணிக உடன்படிக்கையான சைட்டிஸின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவுசெய்ய 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. உடைமை, கைமாற்றம், பிறப்பு, இறப்பு ஆகியவையே அந்தப் பதிவின் மையம். கடத்தலைத் தடுக்க இது தேவை. இதை நான் வரவேற்கிறேன். ஆனால் இறப்பு அறிவிக்கப்படும்வரை அந்த உயிர் எப்படி வாழ்ந்தது என்பது இந்தப் பதிவில் தெரியாது. வாழும் நிலையையும் சட்டம் அளக்க முடியும்: சுவிட்சர்லாந்து 2008லேயே விலங்குப் பாதுகாப்பு ஆணையில் ஊர்வனவற்றுக்குக் குறைந்தபட்ச இட அளவுகளை வகுத்துவிட்டது.

வீடுவீடாகச் சோதிக்க ஆள் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் பொறுப்பை விற்கும் இடத்தில் தொடங்க வேண்டும் என்கிறேன். இனத்துக்குரிய இரு முனை வெப்பம், ஈரப்பதம், புற ஊதா விளக்கு, முழு வளர்ச்சியில் எட்டும் அளவு, ஆயுள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய தாள் இல்லாமல் விற்பனை செல்லாது என்று விதிக்கலாம். ஆண்டுதோறும் இரு முனை வெப்ப அளவையும் விலங்கின் எடையையும் படத்தோடு பதிவேற்றச் சொல்லலாம். இந்தக் கடமை சைட்டிஸ் பட்டியலோடு நின்றுவிடவும் கூடாது. மீன்தொட்டிக் கடைகளில் நாணயமளவில் விற்கப்படும் சிவப்புக்காது ஆமை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அது சாப்பாட்டுத் தட்டளவு வளரும், முப்பது ஆண்டுவரை வாழும். தொட்டி போதாமல் குளத்தில் விடப்பட்டால் அங்குள்ள ஆமைகளின் இடத்தைப் பறிக்கும். விதியைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான விலங்கு இல்லை.