காதில் கிடைத்த பூஞ்சை

பூஞ்சை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது படர்தாமரைதான். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில், சிரையில் செருகிய குழாய் வழியாக அது இரத்தத்திலும் புகுந்துவிடும்.

2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதில் கண்டறிந்த புதுப் பூஞ்சைக்குக் கேண்டிடா ஆரிஸ் எனப் பெயரிட்டனர். இலத்தீனில் ஆரிஸ் என்றால் காது. 2013இல் வெளியான ஆய்வின்படி, டெல்லியின் 2 மருத்துவமனைகளில் 12 நோயாளிகளின் இரத்தத்தில் அதுவே இருந்தது. வழக்கமான ஃப்ளூகோனசோல் மருந்துக்கு அது மசியவில்லை.

மருத்துவமனைக்கு அது எங்கிருந்து வந்தது? 2021இல் அந்தமான் கடற்கரை மணலிலும், பழவேற்காட்டு மீனவர்கள் நன்கறிந்தது போன்ற உவர்ச் சதுப்பிலும் டெல்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் கண்டனர். சதுப்பில் கிடைத்த ஒரு வகை மருந்துக்கு அடங்கியது. உடல் வெப்பத்தில் மெதுவாகவே வளர்ந்தது. மருந்தை எதிர்க்கும் வலு பிறகு சேர்ந்திருக்கலாம்.

கட்டில் கம்பியில் வாரக்கணக்கில் தங்கும் இதற்கு, கை கழுவுவதும் தேவையற்ற குழாயை உடனே எடுப்பதுமே முதல் காவல்.